ஏசி, ஃபிரிட்ஜ் கேஸில் கலப்படமும் அசுத்தமும்: சோதிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் குளிர்சாதனப் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். வாடிக்கையாளர்களும், தொழில் பழக வரும் பிள்ளைகளும், திசையன்விளை, வள்ளியூர், தென்காசிப் பக்கத்து மெக்கானிக்குகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான விடைகள் இவை. குளிர்பதன வாயுவை நம் பக்கத்தில் எல்லோரும் கேஸ் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேஸில் அசுத்தம் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

ஈரம், காற்று, அமிலம், எண்ணெய் போன்று எளிதில் ஆவியாகாத எச்சம், குளோரைடு உப்பு, துருவும் தூசும், இவற்றோடு வேறொரு கேஸ். உலகம் முழுவதும் கேஸின் தூய்மைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுவது ஏஹெச்ஆர்ஐ என்னும் அமெரிக்கத் தொழில் அமைப்பின் ஏஹெச்ஆர்ஐ 700 என்னும் தரநிலை. ஆர்-22, ஆர்-134ஏ, ஆர்-410ஏ ஆகிய கேஸ் வகைகளில் ஈரம் எடையில் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அமிலம் 1 பிபிஎம், ஆவியாகாத எச்சம் கன அளவில் 0.01 சதவீதம், ஆவிப் பகுதியில் காற்று போன்றவை 1.5 சதவீதம், மற்ற ஆவியாகும் கலப்புகள் எடையில் 0.5 சதவீதம் என்பவை ஏனைய வரம்புகள்.

பத்து பிபிஎம் என்றால் எவ்வளவு என்பது எண்ணாகச் சொன்னால் மனத்தில் ஏறாது. 13.6 கிலோ ஆர்-134ஏ சிலிண்டர் ஒன்றில் அந்த வரம்புக்குள் இருக்கக்கூடிய தண்ணீர் 0.136 கிராம், அதாவது மூன்று சொட்டுக்கும் குறைவு. மழைக்காலத்தில் மூடி போடாமல் வெளியே கிடந்த ஒரு ஹோஸ் பைப்பின் உள்சுவரில் அதைவிட அதிகமாக இருக்கும்.

சீல் உடைக்காத புதிய சிலிண்டரையும் சோதிக்க வேண்டுமா?

பெயர் தெரிந்த தயாரிப்பாளரின் சரக்கை, ரசீதோடு, வழக்கமான கடையில் வாங்கினால் அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதும். விலை வழக்கத்தைவிட மிகவும் குறைவாக இருந்தாலோ, பெட்டியில் எழுத்துப் பிழை இருந்தாலோ, சிலிண்டரில் தொகுதி எண் இல்லாவிட்டாலோ சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. நிறத்தை நம்ப வேண்டாம். முன்பு ஆர்-22க்கு இளம்பச்சை, ஆர்-134ஏக்கு இளநீலம், ஆர்-410ஏக்கு ரோஸ் என்று வழக்கம் இருந்தது. இப்போது எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே சாம்பல் நிறத்தைப் பூசும்படி ஏஹெச்ஆர்ஐ அமைப்பே பரிந்துரைத்து விட்டதால், நிறம் பார்த்துக் கேஸ் சொல்லும் பழைய பழக்கம் இனி உதவாது.

ஆனால் என் அனுபவத்தில், கெட்டுப்போன கேஸ் என்று பட்டறைக்கு வந்தவற்றில் பெரும்பகுதி தொழிற்சாலையிலோ கள்ளச் சந்தையிலோ கெட்டதன்று. நம் கையால் கெட்டது. வேக்குவம் போடாமல், அதாவது உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுக்காமல் அடிப்பது, ஒரே ஹோஸைக் கழுவாமல் மூன்று கேஸுக்கும் மாட்டுவது, மீட்டெடுத்த கேஸைக் கையில் கிடைத்த சிலிண்டரில் ஏற்றுவது ஆகியவையே பெரும்பாலான கலப்புக்குக் காரணம். ஒரு சித்திரை மாதத்தில் என் பட்டறையிலேயே இது நடந்தது. மீட்புச் சிலிண்டர்களில் கேஸின் பெயரைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தோம். வியர்வைக் கை பட்டு ஒன்றின் எழுத்து அழிந்துபோனதைக் கவனிக்காமல், ஆர்-134ஏ இருந்த அந்தச் சிலிண்டரிலேயே ஆர்-22ஐ மீட்டெடுத்து ஏற்றி விட்டோம். அதிலிருந்து அடித்த கார் ஏசி இரண்டே நாளில் திரும்பி வந்தது. அன்று முதல் தகரத்தில் பொறித்த வில்லையைக் கழுத்தில் கட்டாத சிலிண்டர் எதுவும் பட்டறைக்குள் இருப்பதில்லை.

கருவி அதிகம் இல்லாத பட்டறையில் முதலில் எதைச் சோதிப்பது?

அழுத்தத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துப் பார்ப்பதே முதல் சோதனை. ஒரு கேஜும் ஒரு நல்ல வெப்பமானியும் போதும். மூடிய சிலிண்டரில் திரவமும் ஆவியும் சேர்ந்து இருக்கும் வரை, ஒவ்வொரு தூய கேஸுக்கும் குறிப்பிட்ட வெப்பநிலையில் குறிப்பிட்ட அழுத்தம்தான் இருக்கும். அதில் கால் பங்கு கேஸ் இருந்தாலும் முக்கால் பங்கு இருந்தாலும் அந்த அழுத்தம் மாறாது. 30 டிகிரி செல்சியஸில் கேஜ் காட்ட வேண்டியது ஆர்-600ஏக்குச் சுமார் 44 பிஎஸ்ஐ, ஆர்-134ஏக்குச் சுமார் 97, ஆர்-22க்குச் சுமார் 158, ஆர்-410ஏக்குச் சுமார் 259, ஆர்-32க்குச் சுமார் 265. மற்ற வெப்பநிலைகளுக்கான அட்டவணை கேஸ் விற்கும் எல்லா நிறுவனங்களிடமும் கிடைக்கும். அதைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

சோதனை தவறுவது பெரும்பாலும் வெப்பநிலையை அளப்பதில்தான். மதியம் வண்டியில் வந்து இறங்கிய சிலிண்டரின் மேல்தகடு ஒரு சூட்டிலும், உள்ளே இருக்கும் திரவம் வேறொரு சூட்டிலும் இருக்கும். ஆகவே சிலிண்டரை இரவு முழுவதும் வெயில் படாத அறையில், தரையில் வைத்துவிட்டு, விடிந்ததும் ஃபேன் போடுவதற்கு முன்பே, வெப்பமானியின் முனையைத் திரவ மட்டத்துக்குக் கீழே தகட்டோடு ஒட்டித் துணியால் மூடி அளக்க வேண்டும். உள்ளே திரவம் இல்லாமல் ஆவி மட்டும் எஞ்சியிருந்தால் இந்தச் சோதனைக்குப் பொருள் இல்லை என்பதால் முதலில் எடை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழுத்தம் கூடுதலாக இருந்தால் அது காற்றா, வேறு கேஸா?

இரண்டாகவும் இருக்கலாம், கேஜ் ஒரு முறை காட்டுவதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதைப் பிரித்தறிய எங்கள் பட்டறையில் செய்வது ஐஸ் வாளிச் சோதனை. அதற்கான ஐஸை மீன்காரரிடம்தான் வாங்குகிறோம்.

ஆர்-134ஏ என்று எழுதிய சிலிண்டர் 30 டிகிரியில் 97க்குப் பதிலாக 125 பிஎஸ்ஐ காட்டுவதாக வைத்துக்கொள்வோம், மிகுதி 28. இப்போது சிலிண்டரை உடைத்த ஐஸும் தண்ணீரும் கலந்த பெரிய வாளியில் தோள் வரை அமிழ்த்தி, உள்ளே இருப்பது 0 டிகிரிக்கு வரும் வரை விட வேண்டும். பாதி காலியான சிலிண்டர் மிதக்கும். கயிறு போட்டு அடியில் கட்டிவிடுங்கள். 0 டிகிரியில் தூய ஆர்-134ஏ காட்ட வேண்டியது சுமார் 28 பிஎஸ்ஐ. மிகுதிக்குக் காரணம் காற்றாக இருந்தால், காற்று குளிரில் திரவமாகாது என்பதால் அதன் அழுத்தம் பத்தில் ஒரு பங்குதான் குறையும். கேஜ் 53க்கு அருகில் நிற்கும். காரணம் ஆர்-22 கலப்பாக இருந்தால், குளிரில் அதன் அழுத்தமும் சேர்ந்து சரிந்து, கேஜ் 40க்குச் சற்று மேலே வந்து நிற்கும். பத்துப் பன்னிரண்டு பிஎஸ்ஐ வித்தியாசத்தை எந்தச் சாதாரணக் கேஜிலும் படித்துவிடலாம். சோதனை முடிந்ததும் சிலிண்டரை ஈரம் போகத் துடைத்து வையுங்கள். மீண்டும் நிரப்பக் கூடாத வகைச் சிலிண்டரின் தகடு மெல்லியது, எளிதில் துருப்பிடிக்கும். ஐஸுக்குப் பதிலாகச் சுடுதண்ணீரிலோ நெருப்பிலோ சூடாக்கிப் பார்க்கலாமே என்று ஒரு பையன் கேட்டான். நெருப்பின் அருகே சிலிண்டரைக் கொண்டுபோகவே கூடாது.

அழுத்தம் அட்டவணையோடு பொருந்திவிட்டால் கேஸ் தூயது என்று கொள்ளலாமா?

கூடாது. ஈரம், அமிலம், எண்ணெய் ஆகியவை அழுத்தத்தை மாற்றுவதில்லை. அதைவிட ஆபத்தானது, அழுத்தம் பொருந்தும்படி வேண்டுமென்றே கலந்த போலிக் கேஸ். ஆர்-40 எனப்படும் மெத்தில் குளோரைடு மைனஸ் 24 டிகிரியில் கொதிக்கிறது. ஆர்-134ஏ கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில். ஆர்-40உடன் கொஞ்சம் ஆர்-22ஐச் சேர்த்தால் கேஜுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் ஆர்-40 நஞ்சு, எரியக்கூடியது, அலுமினியத்தோடு வினைபுரிந்து டிரைமெத்தில் அலுமினியம் என்னும் திரவத்தை உண்டாக்கும். அது காற்றுப் பட்டவுடன் தானே தீப்பற்றும். 2011இல் இத்தகைய போலிக் கேஸ் அடிக்கப்பட்ட கப்பல் குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடித்து, வியட்நாமிலும் பிரேசிலிலும் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உயிரிழந்தார்கள். தூத்துக்குடித் துறைமுகத்துக்கு இறாலும் மீனும் ஏற்றப் போய்வரும் கன்டெய்னர்களில் வேலை செய்யும் தம்பிகள் இதை மறக்கக் கூடாது.

ஹாலைடு டார்ச் இன்னும் பயன்படுமா?

கசிவு பார்ப்பதற்காக வைத்திருந்த, சுடர் எரியும் இந்தப் பழைய டார்ச் இப்போது போலியைப் பிடிக்க உதவுகிறது. பழுக்கக் காய்ந்த செம்புத் தகட்டின் மேல் குளோரின் உள்ள வாயு பட்டால் சுடர் பச்சையாக மாறும். ஆர்-134ஏ, ஆர்-32, ஆர்-410ஏ ஆகியவற்றில் ஃபுளோரின் உண்டு, குளோரின் இல்லை. ஆகவே அவற்றுக்குச் சுடர் பச்சையாகக் கூடாது. பச்சையானால் உள்ளே ஆர்-22, பழைய ஆர்-12, ஆர்-40 ஆகியவற்றுள் ஏதோ ஒன்று இருக்கிறது.

எரியும் கேஸ் கலந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஆர்-32ம் மெதுவாக எரியக்கூடியதே. இந்த கேஸ்கள் நெருப்பில் சிதையும்போது நச்சுப் புகை வரும் என்பதால், திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, மிகச் சிறிதளவு ஆவியை மட்டும் காட்ட வேண்டும்.

கேஸை அடையாளம் காட்டும் கருவி வாங்குவது பயன் தருமா?

கார் ஏசி வேலை அதிகம் உள்ளவர்களுக்குப் பயன் தரும். அகச்சிவப்புக் கதிரை வாயு எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைக் கொண்டு ஆர்-134ஏ, ஆர்-22, எரியும் வாயுக்கள், காற்று ஆகியவற்றின் சதவீதத்தை அது சொல்லும். ஈரம், அமிலம், எண்ணெய் எதையும் காட்டாது. ஆர்-40ஐத் தனியாகப் பிரித்துச் சொல்லாத மாதிரிகளும் உண்டு. வாங்கும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கசிவை அடைக்கும் பசை மருந்து ஏற்கெனவே ஊற்றப்பட்ட காரில் இதை மாட்டினால் கருவியே அடைத்துக்கொள்ளும்.

கேஸில் ஈரம் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஃபிரிட்ஜில் ஈரம் தானே தன்னைக் காட்டிக்கொடுக்கும். கேப்பிலரி என்னும் மெல்லிய குழாய் முடியும் இடத்தில் தண்ணீர் உறைந்து அடைப்பதால் கூலிங் நிற்கும். சற்று நேரத்தில் உருகி மறுபடியும் வரும். அடைத்திருக்கும்போது வெந்நீரில் நனைத்த துணியை அந்த இடத்தில் வைத்துக் காதைக் கொடுத்தால், அரை நிமிடத்தில் ‘சுர்ர்’ என்று கேஸ் பாயும் சத்தம் மீண்டும் தொடங்கும். அது கேட்டால் ஈரம்தான்.

வீட்டு ஏசியில் அப்படி இல்லை. அதன் கூலிங் காயில் பூச்சியம் டிகிரிக்கு மேலேயே வேலை செய்வதால் தண்ணீர் உறைவதில்லை, அடைப்பும் வருவதில்லை. எல்லாம் சரியாக ஓடுவதுபோல் தோன்றும் அந்த மாதங்களில்தான், ஆர்-32, ஆர்-410ஏ ஏசிகளில் பரவலாகப் பயன்படும் பிஓஇ என்னும் செயற்கை எண்ணெய் அந்த ஈரத்தோடு வினைபுரிந்து அமிலமாகச் சிதைகிறது. ஆர்-22 காலத்து மினரல் எண்ணெயைவிட இது பல மடங்கு ஈரத்தை உறிஞ்சும். எண்ணெய் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

பெரிய யூனிட்களில் லைனில் உள்ள கண்ணாடியின் நடுப்பொட்டு பெரும்பாலும் காய்ந்திருந்தால் பச்சை, ஈரமிருந்தால் மஞ்சள். சிறிய யூனிட்களில் வேக்குவம் சோதனையே வழி. கேஜ் முள் மைனஸ் 30ஐத் தொட்டுவிட்டது என்பது எதையும் நிரூபிக்காது. வேக்குவத்தை மைக்ரான் என்னும் நுண்ணிய அலகில் காட்டும் கருவி வேண்டும். 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கிப் பம்பை வால்வால் பிரித்துவிட்டுக் காத்திருங்கள். ஏறிக்கொண்டே போனால் கசிவு; ஓரளவு ஏறி ஒரே இடத்தில் நின்றுவிட்டால் உள்ளே தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கத்திலும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நெல்லையிலும் இந்தக் காத்திருப்பு நீளும். அப்போது உலர்ந்த நைட்ரஜனை நிரப்பி வெளியேற்றி, மீண்டும் வேக்குவம் என்று மூன்று முறை செய்வோம்.

கம்ப்ரசர் எரிந்துவிட்டது. அமிலச் சோதனை அவசியமா?

அவசியம். அமிலம் பெரும்பாலும் எண்ணெயில்தான் தங்கும் என்பதால் எண்ணெயைச் சோதிக்க வேண்டும். சோதனைக் குப்பியில் எண்ணெயை ஊற்றிக் குலுக்கினால், அமிலம் இருந்தால் நிறம் மாறும். மினரல் எண்ணெய்க்கும் பிஓஇ எண்ணெய்க்கும் வரம்பு வேறு என்பதால் குப்பியும் வேறு; கேட்டு வாங்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மூக்கை வைத்து முகர்ந்து பார்க்காதீர்கள். அமிலம் கண்டால், புதிய கம்ப்ரசரோடு சக்ஷன் லைனிலும், அதாவது கம்ப்ரசருக்குக் கேஸ் திரும்பும் குழாயிலும், ஈரத்தையும் அமிலத்தையும் உறிஞ்சும் டிரையர் ஒன்றைப் போட்டு, ஓரிரு நாள் ஓட்டி, எண்ணெயை மறுபடியும் சோதித்து, தேவையானால் டிரையரை மாற்ற வேண்டும். இதைச் செய்யாத இடத்தில் இரண்டாவது கம்ப்ரசரும் எரியும். பழி கம்பெனி மேல் விழும்.

ஆர்-600ஏ ஃபிரிட்ஜுக்குச் சமையல் கேஸ் அடித்தால் என்ன?

ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன், சமையல் கேஸ் என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. இரண்டும் ஒரே குடும்பம்தானே என்று வாதிடுகிறார்கள். சமையல் கேஸில் இரண்டின் விகிதமும் மாறும், அதனால் அழுத்தமும் மாறும். கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகச் சேர்த்த மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மம் அதில் இருக்கிறது. அடுப்பில் எரிப்பதற்கான வாயு என்பதால் குளிர்பதனத்துக்கு வேண்டிய அளவு அதில் ஈரம் நீக்கப்பட்டிருக்காது. இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். சர்வீஸ் குழாயைத் திறந்தவுடன் அடுப்படி வாசனை வந்தால் யாரோ செய்துவிட்டார்கள் என்று பொருள். அப்போது ஜன்னல்களைத் திறந்துவிட்டு, சுவிட்ச் எதையும் தொடாமல் வேலையைத் தொடங்குங்கள்.

ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவது எப்படி?

நூற்றுக்கணக்கான கிலோ கேஸ் உள்ள ஜவுளிக்கடை, மருத்துவமனைகளின் சில்லர் என்னும் பெரிய ஏசி எந்திரங்களுக்கே இது தேவைப்படும். 110 டிகிரி சூட்டில் வேக்குவம் போட்டு உலர்த்திய எஃகு மாதிரிக் குப்பியில், திரவமாக, எண்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் எடுக்க வேண்டும். கலவைக் கேஸை ஆவியாக எடுத்தால் எளிதில் ஆவியாகும் பகுதியே அதிகம் வந்து, விடை தவறிவிடும். காற்றின் அளவை அறிவதற்கு மட்டும் ஆவிப் பகுதியிலிருந்து எடுப்பார்கள். ஆய்வகத்தில் ஈரத்தைக் கார்ல் ஃபிஷர் முறையில் அளப்பார்கள். அவர் ஜெர்மானிய வேதியியலர், முறையை 1935இல் வெளியிட்டார். கலப்பை வாயு நிறப்பகுப்புக் கருவி பிரித்துக் காட்டும். நூறு மில்லிலிட்டர் திரவத்தைக் கோட்ஸ் குழாயில் ஆவியாக விட்டு, அடியில் தங்கும் எண்ணெயை அளவுக்கோட்டில் படிப்பார்கள். ஆய்வகங்களுக்குத் தரப்படும் என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு, அந்த அங்கீகாரம் இந்தச் சோதனைகளுக்கும் உண்டா என்பதையும் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

தூத்துக்குடி ஐஸ் கம்பெனிகளின் அம்மோனியாவுக்கும் இதே சோதனைகள்தானா?

அடிப்படை ஒன்று, அசுத்தம் வேறு. அம்மோனியாவில் தண்ணீர் எந்த அளவிலும் கரையும் என்பதால் உறைந்து அடைப்பதில்லை. கொதிநிலையை உயர்த்திக் கூலிங்கைக் குறைத்து, மின்கட்டணத்தைத்தான் ஏற்றும். அளவிட்ட திரவத்தைக் குழாயில் எடுத்து ஆவியாக விட்டு, எஞ்சும் நீரை அளப்பது வழக்கம். எச்சத்திலும் அம்மோனியா கரைந்திருக்கும் என்பதால் அதற்கான திருத்தக் கணக்கு உண்டு. எண்ணெய் அம்மோனியாவைவிடக் கனமானது, அடியில் தங்கும், அங்கிருந்தே வடிக்க வேண்டும். முகமூடியும் பயிற்சியும் இல்லாதவர் இந்த மாதிரியை எடுக்கக் கூடாது. ஏசி மெக்கானிக் என்ற துணிச்சலில் நான் இதில் கை வைப்பதில்லை.

கலப்படம் என்று தெரிந்த கேஸை என்ன செய்வது?

திறந்துவிடக் கூடாது, நல்ல கேஸோடு கலந்து ‘சரிக்கட்டவும்’ கூடாது. தனி மீட்புச் சிலிண்டரில் எண்பது சதவீதத்துக்கு மேல் போகாமல் ஏற்றி, ‘கலப்பு’ என்று வில்லை கட்டி, நிழலில் வைத்து, சுத்திகரிப்பவரிடமோ அழிப்பவரிடமோ ஒப்படைக்க வேண்டும். பட்டறையில் இருக்கும் மறுசுழற்சி எந்திரம் எண்ணெயையும் ஈரத்தையும் நீக்கும்; இரண்டு கேஸ்களைப் பிரிக்காது. ஆர்-22 ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்பதால் 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி இந்தியாவிலும் 2030க்குள் ஏறக்குறைய முழுதும் கைவிடப்பட வேண்டியது. வரத்துக் குறையக் குறையப் போலி பெருகும் என்றே நான் எதிர்பார்க்கிறேன்.

“அண்ணாச்சி, அடிச்சது ஒரிஜினல் கேஸ்தானா?” வீட்டுக்காரர் இதை எப்படித் தெரிந்துகொள்வது?

கேஸை உங்களால் சோதிக்க முடியாது, வேலையைக் கவனிக்கலாம். யூனிட்டின் தகட்டில் கேஸின் பெயரும் எடையும் அச்சாகியிருக்கும். சிலிண்டரில் உள்ள பெயர் அதுவேதானா என்று பாருங்கள். வேக்குவம் பம்பை மாட்டி எவ்வளவு நேரம் ஓட்டினார்கள் என்று மணி பாருங்கள். சிலிண்டரைத் தராசில் வைத்து, தகட்டில் உள்ள எடையளவு இறங்கும் வரை அடிக்கிறார்களா என்றும் பாருங்கள். ஆர்-600ஏ ஃபிரிட்ஜுக்கு ஐம்பது கிராம் அளவில்தான் கேஸ் போகும் என்பதால் கை மதிப்பு அங்கே செல்லாது. ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்று சொல்பவரிடம் எங்கே கசிந்தது என்று கேளுங்கள். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாவதில்லை. கசிந்த இடத்தைக் காட்டாமல், தராசும் பம்பும் இல்லாமல், ஒரு சிலிண்டரையும் ஹோஸையும் மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தால், மோர் கொடுத்து உபசரித்து அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடலாம்.